கண்ணாடி எழுத்து

ஞாயிறு மட்ச்.
வியாழன் பின்னேரமே கடைக்கு வந்துவிட்டான் வாகீசன்,
பேராதனை, பதினோராம் ஆண்டு பட்ச்,
இப்போது நீர்ப்பாசனத் திணைக்களம்.
பன்னிரண்டு வெள்ளை ரீசேட். நெஞ்சில் மலை,
மலைக்குக் கீழே ஆறு, முதுகில் பெயர்.
"மெரூன் சரியா வரோணும் அக்கா.
செங்கல் நிறமாப் போச்சுதோ,
யாழ்ப்பாணக்காரன் சிரிப்பான்."

வெள்ளி காலை யாழ்ப்பாணக்காரர்.
மூன்று பேர், ஒரே மோட்டார் சைக்கிளில்.
பெயர் கேட்டால் பீடத்தையும் சேர்த்துச் சொல்கிற
ஒரு மனிதர்: தயாபரன், விஞ்ஞான பீடம்.
"அவங்கட கலர் என்ன?"
அதற்குப் பிறகுதான் விலை கேட்டார்.

மெரூனைப் பார்க்க வாகீசன் அந்த நேரம் திரும்பி வந்திருக்கக் கூடாது.

நாங்கள் மழைக்குள்ளே படிச்சம் என்றான்.
நாங்கள் ஷெல்லுக்குள்ளே படிச்சம் என்றார்.
ஷெல் அடிக்கேக்கை வகுப்பு நடக்கேல்லைத்தானே?
குளிருக்கு நீங்கள் விடியக்காலமை வகுப்புக்குப் போனனீங்களோ?
எங்களுக்கு ஆறு இருக்கு.
எங்களுக்கு ஆறு தேவைப்படேல்லை.
என் மேசையில் இருந்த இரண்டு பிளேன்ரீயும் ஆறிப்போயின.

நான் இரண்டு இடத்துக்கும் போனதில்லை.
வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே,
தசமத்துக்குப் பிறகு மூன்றாவது இலக்கத்தில்.
அந்த இலக்கத்தை அம்மா சொல்லாமல் விட
ஆறு வருடம் எடுத்தது.
இப்போது எல்லாப் பல்கலைக்கழகமும் என் கணினியில்,
என்.சி. வீதியில், சீமெந்துக் கடைக்கு மேல் மாடியில்.
மொறட்டுவைக்கு நூற்றித்தொண்ணூறு டிகிரி, நாற்பது செக்கன்.
ருகுணுவுக்கும் அதே சூடுதான்.
தாளில் எடுக்கும்போது எல்லாவற்றையும்
கண்ணாடி எழுத்தாகத் திருப்பி எடுப்பேன்.
பழகிவிட்டது. பெருமையை நான்
வலமிருந்து இடமாகத்தான் வாசிக்கிறேன்.

பின்னேரம் இரண்டு பிள்ளைகள்,
ஹஸ்னாவும் செனுரவும்,
நிலாவெளிப் பக்கம், கோணேசபுரி வளாகம்.
"எங்களுக்கும் இரண்டு ரீசேட், அன்ரி.
ஸ்கோர் போடக் கூப்பிட்டிருக்காங்க."
வாகீசன் இன்னும் அங்கேதான் நின்றான்.
"அது கம்பஸோ, கடற்கரையோ?"
"ரெண்டும்" என்றாள் அவள்,
காசை எண்ணிக்கொண்டே.

ஞாயிறு, ஏகாம்பரம் மைதானம்.
பவுண்டரிக் கயிற்றைத் தாண்டி மான்கள் இரண்டு
வாழைப்பழத் தோலோடு உள்ளே வந்தன.
பேராதனைக்கு ஒன்பது பேர்தான்.
ஒருவன் ஹபரணையில் பஸ்ஸுக்கு நிற்கிறான்,
இன்னொருவனை மனைவி விடவில்லை,
மூன்றாமவன் போனை எடுக்கவே இல்லை.
பீல்டிங்குக்குத் தயாபரனைக் கடன் கேட்டார்கள்.
வந்தார். ஆனால் மெரூனைப் போட மாட்டார்.
தன் ரீசேட்டை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு
லோங் ஓனில் போய் நின்றார்.

கடைசி ஓவர். யாழ்ப்பாணத்துக்கு நாலு ஓட்டம்.
அவர்களுடைய தலைவனே அடித்தான், உயரமாக,
கோட்டைப் பக்கத்து வெயிலுக்குள் போய்
பந்து இறங்கி வந்தது நேரே அவரிடம்.
விட்டிருக்கலாம்.
ஓடி, குனிந்து, இரண்டு கையாலும் பிடித்துவிட்டார்.
பிடித்த பிறகு கையைப் பார்த்தார்,
யாரோ வைத்துவிட்டுப் போன பொதியைப் பார்ப்பதுபோல.

ஒரு பக்கம் கூக்குரல். மறுபக்கம் கூவக்கூட இல்லை.
மெல்லிய துணி, பின்னால் சூரியன்:
நெஞ்சில் எழுத்துகள் தலைகீழ் வரிசையில் தெரிந்தன.
அந்த மைதானத்தில் அதைத் தடுக்காமல் வாசித்தது
நான் ஒருத்திதான்.

திங்கள் போய், இன்று வியாழன்.
மிச்சக் காசு இன்னும் வரவில்லை.
தோற்றவர் இரண்டு பேருக்கும் கட்டவேண்டுமாம், பந்தயம்.
கடன் வாங்கின ஆள் பிடித்த பிடி
அவுட்டா இல்லையா என்று
தினமும் ஒருவர் கடைக்கு வந்து எனக்கு விளக்குகிறார்.
ஸ்கோர் கொப்பி ஹஸ்னாவிடம் இருக்கிறது.
அவளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.